முப்பது மில்லிக்குக் கீழே

கௌனஸ் நகரத்தில்
தண்ணீர் மீட்டர் படிப்பவன் நான்.
நிலவறைகளில் டார்ச் அடித்து
எண்ணைக் குறித்துக்கொண்டு மேலேறி வரும் வேலை.
இந்த நவம்பரில் வீட்டிலும் அதேதான்.

ஸ்கிர்மாந்தேயின் இடுப்புக்கு இருபுறமும்
இரண்டு ரப்பர் குழாய்கள்.
முனையில், கையெறி குண்டு அளவில், இரண்டு குமிழ்கள்.
மூடியைத் திற. கொட்டு. அள. எழுது.
குமிழைக் கசக்கிக் காற்றைப் போக்கி மூடு.
முதல் நாள் இடம் எழுபது, வலம் தொண்ணூற்றைந்து.
நிறம் பீட்ரூட் சூப்.
அந்த மாதம் முழுக்க
எங்கள் வீட்டில் யாரும் அந்த சூப் கேட்கவில்லை.

முப்பதுக்குக் கீழே இறங்கட்டும், உருவிவிடலாம்
என்றார் டாக்டர் புட்ரீஸ்.
நிறையச் சொல்லித்தான் அனுப்பினார்:
ஒரு வாரம் நிமிர்ந்து நடக்காதே, தையல் இழுக்கும்.
சாய்வு நாற்காலியில் தூங்கு.
ஆறு வாரம் எதையும் தூக்காதே, பிள்ளைகளையும்தான்.
ஆடுசதை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ
போன் செய்யாதே, நேரே வா.

தும்மலைப் பற்றி அவர் சொல்லவில்லை.
இரண்டாம் நாள் காலை
நான் மிளகுப் பொட்டலம் பிரித்ததற்கு
பதினேழு வருஷமாக எனக்குக் கிடைக்காத ஒரு வசவு
கிடைத்தது.

சிரிப்பைப் பற்றியும் சொல்லவில்லை.
விலா முதல் தொடை வரை இறுக்கும் அந்த உள்ளாடை
ஒன்று உடம்பில், ஒன்று துவைத்துக் கொடியில்.
கொடியில் கிடந்ததை
யோரே தலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.
தலையணையை வயிற்றோடு அமுக்கியபடி
"யாராவது இவளை வெளியே கொண்டுபோங்க"
என்று கண்ணீர் வழியக் கெஞ்சினாள் ஸ்கிர்மாந்தே.
விழுந்த காசைத் தேடுபவள் போலக் குனிந்தே
குளியலறைக்கு அவள் போகையில்
பின்னாலேயே குனிந்து போனான் உக்னியுஸ்:
"அம்மா, என்ன தொலைஞ்சுபோச்சு?"

மூன்றாம் நாள் அழுகை வரும் என்றாள் நர்ஸ்.
எங்களுக்கு ஐந்தாம் நாள் வந்தது.
கண்ணாடியில் வீக்கமும் மஞ்சள் கன்றலும்,
ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புக்கு
மூடிய வாய் போல ஒரு கோடு.
"காசு கொடுத்து இதையா வாங்கினேன்?"
நான் பதில் சொல்லவில்லை.
படகை விற்ற காசு அது.

அவள் ஓட்டும் டிராலிபஸ்ஸில்
ஒரு பயணி "எத்தனையாவது மாசம்?" என்று கேட்டாராம்.
இரட்டையருக்கு அப்போதே நாலு வயது.
அதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன்.
டாக்டர் பேனாவால் வரைந்து காட்டியபோதுதான் தெரிந்தது:
நடு வயிற்றில் இரண்டு தசைகள்,
நடுவே மூன்று விரல் இடைவெளி,
சரியாக மூடாத ஜன்னல் திரை போல.
ஆறு வருஷமாக அவள்
படுக்கையிலிருந்து நேராக எழுந்ததே இல்லை.
ஒருக்களித்து, முழங்கை ஊன்றி,
ஒரு கால் தரைக்குப் போய், பிறகுதான் உடம்பு.
பக்கத்தில் படுத்திருந்தவன் நான்.
அது அவள் பழக்கம் என்று இருந்துவிட்டேன்.
தார் ரோட்டுக்கு அடியில் கசியும் குழாயை
காது வைத்தே கண்டுபிடிப்பவன்.

பதினோராம் நாள்: இடம் இருபத்தைந்து, வலம் இருபத்தெட்டு.
குழாய்கள் போயின.
தொப்புள் பழையதுதான், வாசல் மட்டும் புதிது.
காலையில் தட்டையாக இருக்கும் வயிறு
சாயங்காலத்துக்குள் உப்பிவிடும்.
மாதக்கணக்கில் அப்படித்தான் இருக்குமாம்.

ஏழாவது வாரம்.
விளக்கை அணைத்த பின்
தொப்புளுக்குக் கீழே கை வைத்தேன்.
"வச்சிட்டியா?"
"வச்சிட்டேன்."
"இன்னும் வந்து சேரலை" என்றாள்,
நிறுத்தத்தில் நிற்பவள் போல.
கையை எடுக்கவில்லை. தூங்கிப்போனோம்.

நாலு பத்துக்கு அலாரம். டிப்போவில் முதல் ஷிஃப்ட்.
இருட்டில் அவள் நேராக எழுந்து உட்கார்ந்தாள்.
ஒருக்களிக்கவில்லை. ஊன்றவில்லை.
அவளுக்கே தெரிந்ததா தெரியாது,
ஒரு கணம் அப்படியே இருந்தாள்.
பிறகு
"பார்த்துக்கிட்டே இருக்காதே, லைட்டைப் போடு."